அசந்தம்மாகிட்ட எதுவும் கேக்கக் கூடாது

உக்காருங்க. வேண்டுதல் எதாச்சும் கொண்டு வந்திருந்தா மடியிலயே முடிஞ்சு வச்சுக்கங்க. இந்தக் கோயில்ல செல்லாது. ஏன்னு சொல்றேன்.

பாட்டன் பூட்டனுக்கெல்லாம் முந்தி, இந்தச் சிலம்பக்கோம்பை ஒரு பாளையமா இருந்த காலத்துல, வடக்கேயிருந்து வாக்கப்பட்டு வந்தாளாம் சிங்கம்மா. வந்தப்ப நம்ம பேச்சுகூடச் சரியா வராதாம். புருசன் பாளையக்காரனுக்குச் சேவச் சண்டையும் கள்ளும்தான் உலகம். பாத்தாளாம், பாத்தாளாம், ஒரு நாளு அவனத் தோட்டத்து வீட்டுல உக்கார வச்சிட்டு, தானே அரமனையில ஆள உக்காந்துட்டாளாம்.

கம்மாய் வெட்டுனா. சந்தை வச்சா. ஓசியில உழைச்சவுகளுக்குக் கூலி குடுக்கச் சொன்னா. செஞ்சா, செஞ்சா, செஞ்சுக்கிட்டே இருந்தா. ஊரு என்ன சொல்லுச்சு? "அடுத்தது என்ன தாயீ?"ன்னுச்சாம். அம்புட்டுத்தான்.

அப்பத்தான் சுத்துப்பட்டியில அம்மை கண்டு சனம் செத்துச்சு. சிங்கம்மா அம்மை குத்துற ஆளக் கூட்டியாந்தா. அம்மை முத்துல இருந்து பாலெடுத்துக் கையில குத்துனா, லேசா வந்து போயிரும், பெரிசா வராது. ஊரு கேக்குமா? "ஆத்தாள ஊசியால குத்திக் கூப்பிடுறதா?"ன்னு கதவச் சாத்திக்கிருச்சாம். வீராயின்னு ஒருத்தி, ரெண்டு பிள்ளைய அம்மைக்குக் குடுத்தவ, மிச்சமிருந்த மகள நெல்லுக் குதிருக்குள்ள ஒளிச்சு வச்சாளாம்.

"சரி, எனக்கு முதல்ல குத்து"ன்னு சிங்கம்மா கைய நீட்டுனா. காய்ச்சல் வந்துச்சு, முத்து போட்டுச்சு. எல்லாரும் தூர நின்னு பாக்கட்டும்னு, இப்பக் கோயில் இருக்குற இந்தப் பாறை மேல வேப்பிலை பரப்பிப் படுத்தா. உள்ளுக்குள்ள ஒரு ஆசையும் இருந்துச்சாம். அம்மை கண்டவகிட்ட ஒருத்தனும் வரமாட்டான், கொஞ்சம் தூங்கலாம்னு.

நம்ம ஆளுக விடுவாகளா? முத்து போட்டா ஆத்தாளே வந்திருக்கான்னுதான நம்ம வழக்கம். கெளம்பிட்டாகளாம். "ஆத்தா, மகளுக்கு மாப்பிள்ள அமையல." "ஆத்தா, எரும சினை நிக்கல." "ஆத்தா, வாய்க்காத் தகராறு."

"நான் ஆத்தா இல்லய்யா, சிங்கம்மா. போங்கய்யா."

யாரு கேட்டா?

கடைசியா வீராயி வந்தா. "ராணி சொன்னா எம் மனசு கேக்காது. ஆத்தா, நீ சொல்லு. எம் மகளுக்குக் குத்தலாமா?"

சிங்கம்மா யோசிச்சா. பொய் சொன்னா பிள்ள பிழைக்கும். ஆனா சாகுற வரைக்கும் இவ ஆத்தாதான், மனுசியா ஒருத்தனும் பாக்கமாட்டான். கண்ண மூடிக்கிட்டா.

"ஆத்தா சொல்றேன். குத்து."

ஊரே வரிசையில வந்து குத்திக்கிருச்சாம். பெரியம்மை வந்துச்சு, போச்சு. வீராயி மக பிழைச்சா. சிங்கம்மாளும் எந்திரிச்சா. ஆனா போற எடமெல்லாம் கால்ல விழுந்து கேட்டாக. தலை நரைச்ச பொறவும் கேட்டாக. பாவம், எம்புட்டுத்தான் தாங்குவா?

ஒரு நாளு இதே பாறையில சாஞ்சு கெடந்தா. வீராயி கலயத்துல கூழோட வந்து பக்கத்துல உக்காந்தா.

"உனக்கு என்ன வேணும், கேளு"ன்னாளாம் சிங்கம்மா, சலிச்சுப் போயி.

"ஒண்ணும் வேணாம் தாயீ. நீ சாப்ட்டியா?"

அம்புட்டுப் பெரிய ராணி கேவிக் கேவி அழுதாளாம். கூழக் குடிச்சா. வீராயி மடியில தலைய வச்சு அசந்து தூங்குனா. எந்திரிக்கவே இல்ல.

அதான் அசந்தம்மா. அதான் செலையும் படுத்துக் கெடக்கு. கூழ வச்சு, "சாப்ட்டியா தாயீ?"ன்னு கேட்டுட்டு, ஓசைப்படாம போயிரணும்.

ஆனா போறப்ப எல்லாரும் ஒரு தடவ திரும்பிப் பாத்து உதட்ட அசைக்கிறீக. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். விடுங்கய்யா, அவ தூங்கட்டும்.