லாக்லனை யாருக்குக் கொடுப்பது?

மேய்ச்சல் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! அலையும் மழையும் அதட்டினாலும் அடங்காத ஸ்காட்லாந்து யூயிஸ்ட் தீவின் தாய்மார்களே! உங்கள் மோராக்கின் வணக்கம்.

எண்பது வயது காணும் நம் பாட்டுக்காரி ஓய்ரிக் அக்காவை நான் எப்படிப் புகழ்வேன்? கேலிக் மொழியில் அவர் பாடாத பாட்டு உண்டா? அவர் பாடாத திருமணம் உண்டா? அவர் வந்து அழாத துக்கவீடுதான் உண்டா? (என்னக்கா? "சுருக்கமா முடிடி, சூப்பு ஆறுது" என்கிறார். முடித்துவிடுகிறேன்!)

என் கணவர் இறந்த ஆண்டு அது. என் ஆடுகள் அத்தனையும் எதிரேயுள்ள சிறு தீவில் மேய்ந்துகொண்டிருந்தன. புயல்காலம் நெருங்கியது. ஆடுகளை ஏற்றிவரப் படகு ஃபெர்கஸிடம் இருந்தது. மடக்கிப் பிடிக்க நாய்கள் லாக்லனிடம் இருந்தன. அண்டைவீட்டு ஆண்களான அவர்கள் இருவருக்குள்ளோ வேலித் தகராறு. முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கெஞ்சினேன், அழுதேன். ஆடு போனால் என் அடுப்பு அணையும் என்று அறியாதவர்களா? அறிவார்கள். ஆனாலும் வீம்பு!

அந்த வாரம் இதே மண்டபத்தில், நெய்து நனைத்த கம்பளித் துணியைப் பெண்கள் மேசையில் அடித்து இறுக்கிக்கொண்டே பாடும் பாட்டு நடந்தது. ஆண்கள் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வழக்கம்தான் தெரியுமே! பாட்டுக்காரி ஒரு பெண்ணை ஓர் ஆணுக்குக் கொடுத்துப் பாடுவார். பிடிக்காதவள் பாடியே மறுக்க வேண்டும். வாயை மூடினால் சம்மதம். அக்கா அன்று எந்தப் பெண்ணின் பெயரையும் எடுக்கவில்லை.

"லாக்லனை யாருக்குக் குடுக்கலாம்? ஃபெர்கஸுக்கே குடுக்கலாம்!" என்று எடுத்துவிட்டார்.

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. சும்மா நின்றால் சம்மதமாகிவிடுமே! லாக்லன் பதறிப் பாடினார்: "அவன் ஓட்டைப் படகுல என் நாய்கூட ஏறாது!"

ஃபெர்கஸ் விடுவாரா? "ஏத்திப் பாருடா! விடியட்டும், ஏத்திப் பாரு!"

பெண்கள் விட்டார்களா? "விடியட்டும், ஏத்திப் பாரு!" என்பதையே பல்லவியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஊரே பாடிய பிறகு யார் பின்வாங்குவது?

விடிந்தது. நாய்கள் படகேறின. என் ஆடுகள் கரையேறின. மறுநாள் அடித்த புயலில் அந்தத் தீவின் மேய்ச்சல்தரை முழுவதையும் கடல் மூடியது. (கைதட்டாதீர்கள் ஃபெர்கஸ் அண்ணா, படகு ஓட்டைதான்; வழியெல்லாம் தண்ணீர் இறைத்தவள் நான்!)

பாட்டு பசியாற்றுமா என்று கேட்கிறார்கள். என் வீட்டில் ஆற்றியது! பாட்டு பிள்ளை வளர்க்குமா என்று கேட்கிறார்கள். என் வீட்டில் வளர்த்தது! கடைசி வரிசையில் இருக்கும் என் பிள்ளைகளே, எழுந்து நில்லுங்கள். அக்கா, கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். அந்தக் குளிர்காலத்தில் இவர்கள் ஒருநாளும் பட்டினி கிடக்கவில்லை.

நன்றி அக்கா. கேட்டிருந்த சபைக்கும் என் நன்றி, வணக்கம்!