அது பறந்தா பாக்கலாம்

இல்ல தம்பி, தீயெல்லாம் பிடிக்கல, பயப்படாதீங்க. கிளப்பும்போது அது அப்படித்தான் புகை விடும். கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வாங்க, காத்து திரும்பிச்சுன்னா உங்க வெள்ளைச் சட்டை போச்சு. பெஞ்சுல உக்காருங்க, எடம் நிறைய இருக்கு. கூட்டத்தைப் பாத்துட்டுக் காரை நிறுத்தினீங்களா? நல்லதாப் போச்சு. இன்னிக்கு இந்த ஊர்க்காரங்க ஒருத்தரும் எம்பக்கத்துல உக்கார மாட்டாங்க. எட்ட நின்னு பாத்தாத்தானே எம்மூஞ்சி நல்லாத் தெரியும்! ஏன்னு சொல்றேன், இருங்க.

விமானத்தோட பேரா? ஃபிளாமான். பூநாரைன்னு அர்த்தம். ஆமா, இந்த வயித்தை வச்சுக்கிட்டுப் பூநாரையாம்! ரெண்டு இஞ்சின், ரெண்டு வால். ரெண்டாவது உலகச் சண்டை முடிஞ்ச கையோட நம்ம பிரெஞ்சு விமானப்படைக்குச் செஞ்சது. அதிகாரிங்களை ஏத்திட்டுப் போறது, பைலட் பசங்களுக்குப் பாடம் நடத்துறது, இப்படி எடுபிடி வேலைதான் அதுக்கு. வயசானதும் ஏலத்துல விட்டுட்டாங்க. நம்ம ஊர்ப் பண்ணைக்காரர் ஒருத்தர் வாங்கிட்டு வந்து உள்ள கோழி அடைச்சார். சிரிக்காதீங்க, நிஜமாத்தான். எங்க கடை கேக்குக்கெல்லாம் முட்டை அதுலேர்ந்துதான் வரும். சர்ச்சுக்கு எதிர்ல பேக்கரி இருக்கே, அது நம்மளோடதுதான். சொலாஞ் கடைன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க.

அப்புறம் போஸ்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டையரான லஷோம் இருக்காரே, அதோ, கழுத்துல சிவப்புத் துணி கட்டிக்கிட்டு எல்லாருக்கும் உத்தரவு போடறாரே, அவர் நாலு பேரைச் சேத்துக்கிட்டுச் சங்கம் ஆரம்பிச்சார். கோழியைத் துரத்திட்டு இதைப் பறக்க வைக்கறாங்களாம். ஊரே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அங்கதான் மாட்டிக்கிட்டேன்.

ரெஜின்னு ஒருத்தர். ரயில்வே பட்டறையில வேலை பாத்தவர். தனி ஆள். தினம் காலையில வந்து ஒரு நீள ரொட்டி வாங்குவார். ஒருநாள் பின்னால வரிசை நிக்குது, இந்த மனுஷன் ரொட்டியைக் கையில வாங்கிக்கிட்டே, என்னைக் கட்டிக்கிறியா சொலாஞ்னு கேட்டுட்டார். அத்தனை பேர் எதிர்ல! என் முதல் புருஷன் கார் ஓட்டச் சொல்லிக்குடுக்கற பள்ளிக்கூடத்துக்காரியோட ஓடிப்போன ஆளு. போதும்டா சாமின்னு இருந்தேன். ஆனா வெடுக்குனு வேணாம்னு சொல்ல மனசு வரல. அந்தக் கோழிக்கூண்டு பறக்கட்டும், அன்னிக்குக் கட்டிக்கிறேன்னு சொல்லிட்டேன். குதிரைக்குக் கொம்பு முளைக்கட்டும்னு சொல்ற மாதிரிதானே? மனுஷனுக்குப் புரிய வேண்டாமா? ரொட்டியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நேரா லஷோம் வீட்டுக்குப் போய்ச் சங்கத்துல சேந்துட்டார்!

பதினோரு வருஷம் தம்பி.

இப்பப் புரியுதா? அந்தத் தொப்பி போட்ட அம்மாவைப் பாருங்க, மேயர் சம்சாரம். விமானத்துக்கு முதுகைக் காட்டிட்டு என்னையே பாத்துக்கிட்டு நிக்குது.

இல்ல, அதுக்கப்புறம் அவர் கல்யாணப் பேச்சே எடுக்கல. அதுதான் கொடுமை. காலையில வருவார், ரொட்டியை வாங்குவார், இடது சக்கரம் உள்ள மடங்குது சொலாஞ்ம்பார். நானும் சந்தோஷம், அடுத்தது யாரும்பேன். இன்னொரு நாள், வால் அசையுதும்பார். வரிசையில நிக்கறவங்க தொண்டையைக் கனைப்பாங்க. நான் மாவு ஒட்டின கையைத் துடைச்சுக்கிட்டு உள்ள போயிருவேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே பறந்திருக்க வேண்டியது. ஒரு கூத்து நடந்துச்சு கேளுங்க. இந்த இஞ்சின் தலைகீழா தொங்குற ஜாதி. ராத்திரியெல்லாம் எண்ணெய் கீழ இறங்கித் தேங்கிக்கும். அதனால கிளப்பறதுக்கு முன்னாடி விசிறியைக் கையாலயே சுத்தி எண்ணெயை வெளிய தள்ளணும். தள்ளாம கிளப்பினா உள்ள இருக்கற கம்பி வளைஞ்சுரும், இஞ்சின் காலி. இவங்க வழக்கம் என்னன்னா, சுத்தினவர் சுத்தியாச்சுன்னு கத்தணும், இன்னொருத்தர் கேட்டாச்சுன்னு திருப்பிக் கத்தணும். அன்னிக்கு ரெஜியும் லஷோமும் பேச்சுவார்த்தை இல்ல. எதுக்கு? வாலுக்கு நீலமா சாம்பலான்னு சண்டை! வலது பக்கம் ரெஜி சுத்திட்டார். இடது பக்கத்தை அவர் சுத்தியிருப்பார்னு இவர், இவர் சுத்தியிருப்பார்னு அவர். வாயைத் திறந்து கேட்டா மானம் போயிரும் பாருங்க! மேயர் பேசி முடிச்சார், ஒயின் ஊத்தினாங்க, பட்டனை அமுக்கினாங்க. டங்குனு ஒரு சத்தம். அவ்வளவுதான், இடது இஞ்சின் போச்சு.

மறுநாள் காலையில ரெஜி கடைக்கு வந்தார். காசை வச்சார். ரொட்டியை மறந்துட்டுப் போயிட்டார். அன்னிக்குத்தான் எனக்கு... சரி விடுங்க.

தோ, நகருது! ஓட்டறது டெல்ஃபின்னு ஒரு பொண்ணு, கெட்டிக்காரி, காட்டுத்தீ அணைக்கற விமானமெல்லாம் ஓட்டினவ. பக்கத்துல யாருங்கறீங்க? அந்த மனுஷன்தான். முதல் தடவை மெக்கானிக்கும் கூடப் போகணுமாம். நேத்தே சொன்னேன், லஷோம் போகட்டுமே உனக்கென்னன்னு. கேக்கல. தம்பி, உங்க கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு.

ஐயோ, குதிக்குது பாருங்க. அந்த வேலி வரைக்கும்தான் புல்தரை. ஏறு... ஏறித் தொலையேன்... ஏறிருச்சு! தம்பி, சக்கரம் தரையில இல்ல தானே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, என் கண்ணு கலங்கிக் கிடக்கு. இல்லையே? அப்பாடா!

பாத்தீங்களா, எல்லாத் தலையும் இந்தப் பக்கம் திரும்புது. கைதட்டறாங்க, கழுதைங்க. இருங்கய்யா, முதல்ல அது பத்திரமா இறங்கட்டும்!

என்ன கேட்டீங்க? இஞ்சினா? ஆமா, இந்த மாதிரி இஞ்சின் இப்ப எங்கயும் கிடைக்காது. பெசான்சோன் டவுன் வரைக்கும் அலைஞ்சாங்க. அப்புறம் ஒருநாள் காலையில பாத்தா விமானக் கொட்டகை வாசல்ல ஒண்ணு சாக்குப் போட்டு மூடிக் கிடக்கு, கழட்டாம முழுசா. லஷோமை யார் கேட்டாலும் எல்லாம் தெரிஞ்ச மாதிரித் தலையை ஆட்டறார். ரெஜி, தொலைஞ்சதைத் தேடித்தர்ற அந்தோனியார் வேலைதான்னு சர்ச்சுல போய் மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தார்.

அந்தோனியாருக்கு டிரெயிலர் ஓட்டத் தெரியுமா தம்பி? மலைக்கு அந்தப் பக்கம் மேடம் க்ரெனியேன்னு ஒரு கிழவி, எங்க கடை வாடிக்கை. அவ புருஷன் மரம் அறுக்கற மெஷினுக்கு ஆகும்னு அதே விமானப்படை ஏலத்துல இப்படி ஒரு இஞ்சினை வாங்கிப் போட்டுட்டுச் செத்துப்போனார். வைக்கோலுக்கு அடியில கிடந்துச்சு. காசு வேணாம், நான் சாகற வரைக்கும் ஞாயித்துக்கிழமை தவறாம பிரியோஷ் பன்னு கொண்டு வந்து தருவியான்னு கேட்டா, சரின்னேன். மாடு ஏத்துற டிரெயிலரை ரொட்டி வண்டிக்குப் பின்னால மாட்டி, நான்தான் கொண்டாந்து இறக்கினேன்.

அவர்கிட்ட சொல்லிராதீங்க, பாவம், மெழுகுவத்தியெல்லாம் ஏத்தியிருக்கார். பின்ன என்ன செய்யச் சொல்றீங்க? வாலுக்கு என்ன சாயம்னு சண்டை போடற இந்த ஆம்பளைங்களை நம்பி உக்காந்திருந்தா, எனக்கு எப்பக் கல்யாணம் ஆகறது?