கோமாக்காரர் வாய் திறந்த வரலாறு

முறையிடுவோர் ஓயாமல் முறையிட, ஒருநாளும் முகம் சுளிக்காமல் கேட்டருளும் பெருமானே, உன் திருச்செவிக்கு முதல் வணக்கம். உன்னைப் போல் பொறுமையாகக் கேட்க வேறு யார் உண்டு? ஒருவர் இருந்தார், ஒரு முற்பகல் முழுதும். அவருக்கு வேறு வழியில்லை; தாடையிலிருந்து உச்சந்தலை வரை கட்டுப் போட்டிருந்தார்கள்.

கட்டு மெய், காயம் பொய். தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காகப் பலகையும் அட்டையும் கொண்டு எழுப்பிய அவசர சிகிச்சைப் பிரிவு அது. அங்கே முதல் கட்டிலில், நினைவிழந்த நோயாளியாக நெடுங்காலம் படுத்திருப்பவரைப் படப்பிடிப்பில் எல்லோரும் கோமாக்காரர் என்றே அழைப்பார்கள். அடுத்த கட்டிலில், தாடை உடைந்தவராக அன்றுதான் வந்து படுத்த புதியவர், தாடைக்காரர். ஆட்கள் விளக்குகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவேளையில் கோமாக்காரர், கண் கூரையில் இருக்க, வாயை அடுத்த கட்டிலுக்குத் திருப்பிப் பொருமிக்கொண்டிருந்தார்.

"...எறும்பு தம்பி, எறும்பு! ரத்தம்னு சொல்லிச் சர்க்கரைப் பாகுல சாயத்தைக் கலந்து ஊத்தினா, எறும்பு வராம யானையா வரும்? இடுப்புல கடிக்குது. கோமாவுல கிடக்கறவன் சொறியலாமா? கூடாது! பல்லைக் கடிக்கலாமா? அதுவும் கூடாது, கன்னம் துடிக்குமாம். என்ன பொழப்புடா சாமி... ஐயையோ, தலையாட்டாதே, கட்டு கலைஞ்சா மேக்கப்காரம்மா என்னைத்தான் திட்டும். கண்ணை மட்டும் சிமிட்டு. ஆங்... அப்படி.

"இந்தத் தொடர் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இதே கட்டில்தான். எத்தனை டாக்டருங்க வந்துட்டுப் போயிட்டாங்க! நர்சுங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, தொடர்லதான்... ஆம்புலன்ஸ் டிரைவர்கூட வில்லனாயிட்டான். நான் மட்டும் அசையல. அப்பேர்ப்பட்ட என்னை இன்னிக்குக் கொல்லப் போறாங்களாம்! கேட்டியா அநியாயத்தை!

"காலைல டைரக்டர் வந்து கால்மாட்டுல நின்னாரு. 'அண்ணே, இன்னிக்கு உங்களுக்கு மாரடைப்பு. கேமரா ஓடறப்ப வாயை மூடிக்கிட்டுக் கிடந்தீங்கன்னா மானிட்டர்ல துடிப்பு திரும்பி வரும். ஒரு சொல்லு வெளிய வந்துச்சோ, கோடு நேராயிடும், போர்வையை இழுத்து மூடிடுவேன்'னாரு. என்னமோ நான் ஓயாம பேசற ஆளு மாதிரி! நீயே சொல்லு, நான் பேசறேனா? ...சிமிட்டாதே. அது கேள்வி இல்ல.

"எனக்காகவா கவலைப்படறேன்? எங்க மாமியாருக்காக, தம்பி. அவங்களுக்கு நடிப்பு கிடிப்பு ஒண்ணும் புரியாது. டிவி முன்னாடி உக்காந்து, 'மாப்பிள்ளை வாயில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த நாதியில்லையே'ன்னு அழுவாங்க. நான் பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருப்பேன்! 'அத்தே, நான் இங்க இருக்கேன்'னா, 'நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை, அங்க உசுரு ஊசலாடுது'ம்பாங்க. நான் செத்துட்டேன்னு காட்டினா அந்த மனசு தாங்குமா?

"எங்க வீட்டம்மா அப்படி இல்ல, விவரமானவ. அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டு உக்கார வச்சு, 'அதோ, அந்தக் கால் எங்க வீட்டுக்காரரோடது'ம்பா. கால்தான் தம்பி தெரியும். முன்னாடி டாக்டருங்க காதலிச்சுக்கிட்டிருப்பாங்க, பின்னாடி என் கால் இருக்கும். என் சகலை ஒருத்தன், நக்கல் பிடிச்ச பய, 'அண்ணே, நேத்து உங்க கட்டைவிரல் உருக்கமா நடிச்சுது'ங்கறான். சிரிக்காதே! கட்டு, கட்டு!

"இத்தனைக்கும் காரணம் யாருங்கற? அந்தக் கேமராக்காரன்! எப்பவும் காலைக் காட்டினவனுக்குப் போன வாரம் மட்டும் முகத்தைக் காட்டணும்னு ஏன் தோணுச்சு? அதுவும் குளோசப்புல! அதுக்கப்புறம் அந்தத் தலைமை டாக்டர்... அதோ, நாற்காலியில சாஞ்சு ஜூஸ் உறிஞ்சறாரே, அவருதான். ஸ்டெதஸ்கோப்பைக் காதுல மாட்டாமயே என் நெஞ்சுல வச்சு, 'இதயம் பலவீனமாக இருக்கிறது'ம்பாரு! காதே குடுக்காம கண்டுபிடிக்கிற வைத்தியன்! வசனம் ஒண்ணு நிக்காது மண்டையில. நான் சாகப் பொழைக்கக் கிடக்கறப்பல்லாம் ஒரே வசனம்தான். 'இந்த இதயம் நின்றாலும் நம் கடமை நிற்கக் கூடாது, இன்னொரு முறை!' அவ்வளவுதான். நீ மனசுக்குள்ள ஒரு தடவை சொல்லிப் பாரேன்... 'இந்த இதயம் நின்றாலும்'... ஆங், மேல போ... பாத்தியா! உனக்கு வருது, அவருக்கு வரல.

"போன வாரம், 'இந்த இதயம்'னு ஆரம்பிச்சு அப்படியே நின்னுட்டாரு. எனக்கு மூச்சு முட்டுது. ஒரு மனுசன் சங்கடப்படறதைப் பாத்துக்கிட்டு... பாக்கவும் முடியாது, கண்ணு மூடியிருக்கு... சும்மா கிடக்க முடியுமா? உதட்டைக்கூட அசைக்கல... சரி, அசைச்சேன்... லேசா... 'நின்றாலும்'னு எடுத்துக் குடுத்தேன். உதவிதானே? எடிட்டிங்ல குரலை வெட்டிட்டாங்க, உதடு அசையறதை விட்டுட்டாங்க. ஊரே பாத்துருச்சு! 'கோமா நோயாளி டாக்டருக்கு வைத்தியம் சொல்லித் தர்றாரு'ன்னு போன் மேல போன். டைரக்டருக்குத் தலை காட்ட முடியல. அதுக்கு நான் என்ன பண்றது? என்ன அப்படிப் பாக்கற? தப்பு என்மேலங்கறியா? ...சரிப்பா. கொஞ்சம் என்மேலயும்தான்."

"அமைதி!" என்ற குரல் எழுந்தது. கோமாக்காரர் கண்ணையும் வாயையும் ஒருசேர மூடினார்.

கேமரா ஓடியது. மானிட்டர் அலறியது. செவிலியராக நடித்த பெண் "டாக்டர்!" என்று வீறிட, தலைமை டாக்டர் பாய்ந்து வந்து மார்பின் மேல் கைகளைக் கோத்து வைத்தார். "இந்த இதயம்..." என்றார். நின்றுவிட்டார்.

அத்தனை கண்களும் கோமாக்காரரின் உதடுகளில் குவிந்தன. அவரோ மாமியாரின் அழுத முகத்தை நெஞ்சில் நிறுத்தி, நாவை அண்ணத்தோடு சேர்த்து ஒட்டிக்கொண்டு கிடந்தார். வசனம் தொண்டை வரை வந்து முட்டிற்று, விழுங்கினார். விலாவில் எறும்பு கடித்தது; பொறுத்தார். கல்லில் வடித்த உருப்போல் அசைவற்றிருந்தார்.

அப்போது அடுத்த கட்டிலிலிருந்து, கட்டுக்குள்ளிருந்து, கணீரென்று ஒரு குரல் எழுந்தது: "நின்றாலும் நம் கடமை நிற்கக் கூடாது, இன்னொரு முறை!"

தாடை உடைந்தவர் பேசிவிட்டார்.

"யாருய்யா அது?" இயக்குநர் பாய்ந்து வந்தார். "வந்த முதல் நாளே! தாடை உடைஞ்சவன் பேசுவானாய்யா? கட்டை அவுத்து வெளிய அனுப்புங்க இவரை!"

கட்டுக்கு நடுவே தெரிந்த இரண்டு கண்களும் மிரண்டன. கோமாக்காரரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேமராவின் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இன்னும் சற்று நேரம் வாளா கிடந்தால் துடிப்பு திரும்பிவிடும், உயிர் மிஞ்சும், வீட்டில் அழுகை இராது. இதெல்லாம் அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், நெஞ்சில் ஒட்டிய வயர்கள் பிய்ந்து தொங்க, எழுந்து உட்கார்ந்தார்.

"சார், அவரை விடுங்க சார். அவர்மேல ஒரு தப்பும் இல்ல. சும்மா கிடந்த மனுசனுக்கு வாய்ப்பாடு மாதிரி சொல்லிச் சொல்லிக் குடுத்தது நான்தான். நல்ல மனுசன் சார், நான் பேசினதையெல்லாம் கேட்டாரு. அப்படி ஒருத்தர் கிடைக்கறது கஷ்டம்."

இயக்குநர் அவரையே பார்த்தார். "அண்ணே... கேமரா ஓடுதுண்ணே."

"தெரியும் சார்."

"கோமாவுல எந்திரிச்சு உக்காந்துட்டீங்களேண்ணே..."

"படுத்துக்கறேன் சார். கோடு நேராவே இருக்கட்டும்." சொன்னவர் சாய்ந்து படுத்து, போர்வையைத் தாமே இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

இயக்குநர் தாடைக்காரரைப் படுக்கச் சொல்லிக் கையசைத்தார். முதல் கட்டில் நோயாளியைச் சக்கரக் கட்டிலில் ஏற்றிக் கொண்டுபோகும் காட்சியை எடுத்தார்கள். போர்வைக்குள்ளிருந்து வந்த குரல் மட்டும் கதவு தாண்டும் வரை ஓயவில்லை:

"மெதுவாத் தள்ளுப்பா, செத்தவனை இடிக்காதே... ஏம்மா நர்சு, ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டா குறைஞ்சா போயிடுவ? எங்க அத்தை பாப்பாங்கம்மா... எனக்குத்தான் வேலை இனிமே. என் சாவுக்கு நானே வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிக்கணும்!"

இதனைச் செவிமடுத்தோர் அனைவரும் நோய்நொடி அணுகாமல் நீடு வாழ்க. அவர்கள் படுக்கும் கட்டில் என்றும் நல்லுறக்கத்துக்கே ஆகுக. பிறருக்காக ஒரு சொல் சொல்ல வேண்டிய வேளையில் அவர்கள் வாய் தயங்காதிருக்க இறைவன் அருள்க.