கொழகொழாவுக்கு ஒரு கண்ணு

மலர்க்கொடி: கொழகொழாவுக்கு வாலு வேணாம் மாமா. விலாங்கு மாதிரி ஆயிடும்.

ஞானசேகரன்: விலாங்குதான்டி வழுக்கும்! இது கடல் தண்ணியவே கொழகொழன்னு ஆக்குற பிராணி. வாலு இல்லாம எப்பிடி?

மலர்க்கொடி: ஏன், வெண்டக்காய்க்கு வாலா இருக்கு?

ஞானசேகரன்: அடிப் போடி... நெசமாவே நம்ம பொன்னி ஸ்கூல்ல இதயா வரஞ்சிட்டு வரச் சொன்னாங்க?

மலர்க்கொடி: ஆமா... ஆமா. டியூஷன் முடிஞ்சு வர்றதுக்குள்ள முடிக்கணும். இது எப்ப கொழகொழப்ப உடும்?

ஞானசேகரன்: அது... அலை வந்து... அப்பிடியே...

மலர்க்கொடி: வழவழா கொழகொழான்னு இழுக்காதீங்க. பெரிய அலைக்கா, சின்ன அலைக்கா?

ஞானசேகரன்: பெருசுக்குத்தான். பனமரம் ஒசரம் வந்துச்சுன்னா வாயத் தொறந்து உடும். கடலே கஞ்சியாயிடும். கஞ்சி எங்கியாச்சும் ஊட்டுக்குள்ள ஓடியாருமா? அங்கியே நிக்கும்.

மலர்க்கொடி: உள்ள ஆளு மாட்டிக்கிட்டா?

ஞானசேகரன்: ...மெதக்கும். அன்னிக்கி என்னாட்டம் முழுவாது. அப்பிடியே எழுதிக்க.

மலர்க்கொடி: எழுதிட்டேன் மாமா.

ஞானசேகரன்: அதென்ன, கண்ணு எடத்துல கிளிஞ்சலு?

மலர்க்கொடி: பொன்னிதான் ஒட்டுனா.

ஞானசேகரன்: அவளுக்கு ஏது? கடலுக்கு யாரு இட்டுக்கினு போனா? நான் பண்ருட்டிக்கு வேலைக்குப் போனப்புறம் நீ...

மலர்க்கொடி: கத்தாதீங்க! ஆறு மாசமா நாந்தான் இட்டுக்கினு போறேன். அவளுக்குப் பயமே இல்ல.

ஞானசேகரன்: ஆறு மாசமா! எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? அவளுக்குப் பயமில்லன்னா இந்தப் பிராணி யாருக்கு?

மலர்க்கொடி: ஸ்கூலும் இல்ல, ஒண்ணும் இல்ல. "சுனாமிலேர்ந்து அப்பா கடல் பக்கமே வராது. அப்பாவுக்குக் காவலுக்கு ஒண்ணு செய்வோம்மா"ன்னு போன வாரமே ஆரம்பிச்சிட்டா. அது என்னென்ன செய்யும்னு ஒங்க வாயாலயே கேட்டு எழுதச் சொன்னா.

ஞானசேகரன்: அட... எங் கண்ணு...

மலர்க்கொடி: அழுவுறீங்களா?

ஞானசேகரன்: சிரிக்கிறேன்டி. மலரு... நேத்து பஸ்ஸு லேட்டுன்னேன்ல? பொய்யி. தேவனாம்பட்டணம் பீச்சுக்குப் போனேன். முட்டித் தண்ணியில நின்னேன். அலை வந்து மோதுச்சு... ஆனா ஓடல. அப்பாடான்னு இருந்துச்சு. அப்பிடிப் பாக்காத, சத்தியமா போனேன்!

மலர்க்கொடி: தெரியும் மாமா. அந்தக் கிளிஞ்சலு காலையில தொவைக்கறப்ப ஒங்க பேன்ட்டு மடிப்புலேர்ந்துதான் உழுந்துச்சு. கண்ணுக்கு அதத்தான் வைக்கணும்னு பொன்னி ஒரே அடம்.