மீன் கழுவிய தண்ணீர்

முதன்முதலாகப் பாத்தி கட்டுகிற எல்லோரும் தண்ணீரில்தான் பிழை விடுகிறார்கள், ஐயா. உங்கள் குவாட்டர்ஸ் வளவில் கல் அடுக்கி இரண்டு மேட்டுப் பாத்தி போட்டிருப்பதாகவும், தக்காளி வாடுவதாகவும் சற்று முன் சொன்னீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன். நான், இராசநாயகம், துறைமுகக் களஞ்சியத்தில் முப்பத்தொரு வருடம் பொறுப்பாக இருந்தவன். எதையும் ஒழுங்காகச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

தரையோடு இருக்கிற பாத்திக்குக் கீழிருந்தும் ஈரம் வரும். உயர்த்திக் கட்டியதற்கு நீங்கள் விடுகிற தண்ணீர்தான் எல்லாம். கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எங்கள் ஊரில் அது இன்னும் கெதியாகக் காய்ந்துவிடும். அதற்காக வாளி வாளியாக ஊற்றக் கூடாது. காலையில், செடியின் அடியில், இலை நனையாமல், நிதானமாக விட வேண்டும். பிறகு சுட்டுவிரலை இரண்டாவது கணு வரைக்கும் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் போதும். மேல் மண் காய்ந்திருக்கிறதே என்று திரும்பவும் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

இதை என் மனைவி கோணேஸ்வரிக்கு இரண்டு வருடம் சொல்லிக் கொடுத்தேன். பென்சன் எடுத்த பிறகு என் பொழுது வீட்டு வளவில் கட்டிய ஆறு மேட்டுப் பாத்தியோடுதான். அவள் சல்லிக் கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவள். அவள் வீட்டுப் பெண்கள் மீன் கழுவிய தண்ணீரைச் சும்மா வீச மாட்டார்கள். கறிவேப்பிலைக்கும் தென்னம்பிள்ளைக்கும் ஊற்றுவார்கள். தென்னை தாங்கும். தக்காளிப் பாத்தியில் ஊற்றினால் எறும்பு வரும், பூனை வந்து கிண்டும். சொன்னேன். தலையை ஆட்டுவாள். அடுத்த கிழமை தக்காளியடியில் மீன் செதிள் மினுங்கும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் கோபக்காரன் இல்லை. களஞ்சியத்தில் யாரையும் கேட்டுப் பாருங்கள், என் குரல் உயர்ந்ததே கிடையாது. வீட்டிலும் அப்படித்தான். ஈரம் பார்க்கத் தெரியாதவளுக்குப் பார்க்கப் பழக்கினேன். அவள் விரலைப் பிடித்து மண்ணுக்குள் விட்டேன். அவள் கையை இழுத்தாள், நான் விடவில்லை, விரல் முறிந்துவிட்டது. ஐம்பத்தாறு வயதில் எலும்பு அப்படித்தான். கதவில் நசிந்தது என்று ஆஸ்பத்திரியில் அவளேதான் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். இன்னொரு நாள் ஹோஸ் பைப்பை மடித்து முதுகில் அடித்தேன். அடியாத மாடு படியாது. அதற்குப் பிறகு மூன்று கிழமை பாத்தியில் ஒரு செதிள் கிடையாது. பலன் இருந்ததா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

அவளுடைய அண்ணன் இரத்தினசிங்கம் சல்லியில் கரைவலை இழுக்கிறவர். இடைக்கிடை எங்களுக்கு மீன் கொண்டு வருவார். போன கிழமை வந்தபோது அவளுடைய கோணிய விரலைப் பார்த்துவிட்டார்.

"கதவில நசிஞ்சா இப்பிடிக் கோணாது, மச்சான்," என்றார் என்னிடம். பிறகு அவளைப் பார்த்து, "தங்கச்சி, வாற வியாழக்கிழமை ஓட்டோ கொண்டு வாறன். உடுப்புகளை எடுத்து வை. இனி நீ இஞ்ச இருக்க ஏலாது," என்றார்.

அவள், "ஓம் அண்ணை," என்றாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. நான் தேத்தண்ணீர் கொடுத்தேன், அவர் குடிக்கவில்லை.

எனக்குச் சமைக்கத் தெரியும், உடுப்புத் தோய்க்கத் தெரியும். ஆனால் நான் பாடுபட்டுப் பழக்கிய ஒருத்தியை இன்னொருவர் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போவது எனக்கு மிகுந்த மனவருத்தமாக இருந்தது. அதை நான் மறைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை அவள் மீன் கழுவி, எனக்கு மத்தியானத்துக்குக் கறி வைத்தாள். உடுப்புப் பை குசினி வாசலில் இருந்தது.

"இஞ்சேருங்கோ, கறி அடுப்பில இருக்கு. அண்ணை இப்ப வந்திடுவார். நான் போறன்."

"பாத்திக்குத் தண்ணி விட்டிட்டுப் போ," என்றேன். நான் கேட்டது அது ஒன்றுதான்.

அவள் உள்ளே போய் மீன் கழுவிய வாளியைத் தூக்கி வந்தாள். என் கண் முன்னால் தக்காளிப் பாத்தியில் முழுவதையும் கவிழ்த்தாள். இலையெல்லாம் நனைந்தது.

"இனி நீங்களே விடுங்கோ," என்றாள்.

மண்வெட்டி கையெட்டும் தூரத்தில் சாத்தியிருந்தது. முதல் வெட்டு தோளில் பட்டது. அவள் பாத்திக்குள் விழுந்ததில் நாலு செடி முறிந்தது, காய் பிடித்த செடிகள். இரண்டாவது தலையில். மூன்றாவது எங்கே பட்டதென்று எனக்கு நினைவில்லை, டொக்டர் எழுதியிருப்பார். அப்போது ஒழுங்கையில் ஓட்டோச் சத்தம் கேட்டது. அவள் வாயைத் திறந்தாள். நான் பக்கத்தில் குந்தி, பாத்தி மண்ணை அள்ளி அவள் வாய்க்குள் வைத்தேன். இன்னொரு கை, பிறகு இன்னொரு கை. விரலால் உள்ளே அமர்த்தினேன். நல்ல ஈரமான மண். அவள் கால் அடங்குமட்டும் கையை எடுக்கவில்லை.

இரத்தினசிங்கம் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தபோது நான் மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் தொடவே இல்லை. தங்கையின் தலையை மடியில் வைத்து, வாய்க்குள் இருந்த மண்ணைத் தோண்டித் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். உங்களுக்குப் போன் எடுத்தது ஓட்டோக்காரன்தான்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அதோடு இதையும் எழுத வேண்டும், ஐயா. வேலிக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று அவர்களே உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் அவளுக்கு அநியாயம் செய்திருந்தால், அவள் கத்தியிருப்பாள்தானே.