ஜானில் கடையில் ஆட்டுத்தலை

பைமுரத்: இதுவா டயர் கடை?

கெங்கெஸ்: டயர் கடை அடுத்த தெருவுலதான் சம்பந்தி. சாப்பிட்டுட்டுப் போவோம்… இறங்குங்க.

பைமுரத்: வாசல்ல ஒரு பொண்ணு படம் ஆள் உயரத்துக்கு நிக்குது. டி.வி. சமையல் போட்டியில ரெண்டாவதா வந்தாளே, அவதானே இது?

கெங்கெஸ்: டி.வி. பக்கமே போறதில்லைன்னு சொல்வீங்க?

பைமுரத்: மருமக போட்டு விடறா. நான் கண்ணைப் பொத்திட்டா உக்கார முடியும்?

கெங்கெஸ்: உங்க மருமக என் பொண்ணு. பதினாலு வாரமும் நீங்கதான் போட்டீங்களாம். நடுவுல கடைக்குட்டிப் பேரன் அழுதா அவளுக்குத் திட்டு விழுமாம்.

பைமுரத்: உம்ம பொண்ணுக்கு வாய் நீளம் ஓய். உம்ம வீட்டுச் சரக்கு வேற எப்படி இருக்கும்?

கெங்கெஸ்: சரி, வாங்க. மூணு வாரம் முன்னாடியே சொல்லி வச்ச இடம்.

பைமுரத்: சோறு திங்க மூணு வாரமா? இந்த டி.வி.க்காரங்க கடை எல்லாம் எனக்குத் தெரியும். அல்மாட்டியில என் மகன் ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போனான். இதே போட்டியில முந்தின வருஷம் ஜெயிச்ச பயலோட கடை. தட்டு வண்டிச் சக்கரம் மாதிரி. நடுவுல விரல் தண்டி இறைச்சி. அது மேல ஒரு இலை. வீட்டுக்கு வந்து ரொட்டி தின்னேன்.

கெங்கெஸ்: இது அப்படி இல்லை. தலை குனிஞ்சு வாங்க, நிலை இடிக்கும். என்ன, நின்னுட்டீங்க?

பைமுரத்: இரும். மூச்சு விட விடும்… இது பாலைவனத்துச் சக்சவுல் மரத்து விறகுப் புகை. கேஸ் இல்லை. மரத்தை வெட்டினா அபராதம் போடறான், இவளுக்கு எங்க கிடைக்குது?

ஜானில்: வெட்டறதில்லை தாத்தா. பால்காஷ் ஏரிப் பக்கம் எங்க மாமா இருக்கார். காஞ்சு விழுந்ததைப் பொறுக்கி அனுப்பறார். நான் ஜானில். வாங்க, பெரியவங்க உக்கார்ற மேல் இடத்துல உக்காருங்க.

பைமுரத்: டி.வி.யில இன்னும் சதையா இருந்தே.

கெங்கெஸ்: சம்பந்தி…

ஜானில்: பரவால்ல. கடை தொடங்கினா யாரும் இளைப்பாங்க. முதல்ல சாறு குடிங்க.

பைமுரத்: என்னது, கிண்ணத்தோட அடி தெரியுது? தண்ணி சேர்த்தியா?

கெங்கெஸ்: குடிச்சுட்டுப் பேசுங்க. … எப்படி இருக்கு?

பைமுரத்: பேசாதீர்.

கெங்கெஸ்: கண்ணு கலங்குதே.

பைமுரத்: சூடு… ஏ பொண்ணு, என்ன போட்டே இதுல?

ஜானில்: ஆடு, தண்ணி. கடைசியில உப்பு.

பைமுரத்: பொய். நாப்பது வருஷம் மலையில ஆடு மேய்ச்சவன் நான். நானும் ஆடு, தண்ணி, உப்புதான் போட்டேன். இது வரலை.

ஜானில்: நுரை வந்துட்டே இருக்கும், எடுத்துட்டே இருப்பேன். அஞ்சு மணி நேரம் அடுப்பை விட்டு நகர மாட்டேன். போன் வந்தாலும் எடுக்கறதில்லை.

பைமுரத்: இன்னொரு கிண்ணம் ஊத்து. நான் பள்ளிக்கூடம் போனது நாலு குளிர்காலம். பெருசா சொல்ல வராது. ஆனா இது… காலையில மேய்ச்சல்ல முதல்ல எழுந்தவனுக்கு ஒரு காத்து வரும் பாரு. அது. அதைப் போய் எப்படிக் கிண்ணத்துல…

கெங்கெஸ்: சம்பந்தி ஒரு பொருளைப் புகழறது இருபது வருஷத்துல இதுதான் முதல் தடவை. எழுதி வாசல்ல மாட்டும்மா.

பைமுரத்: நீர் சும்மா இரும். ஒண்ணு கேக்கறேன் பொண்ணு. கடைசிப் போட்டியில மணி அடிச்சுது. எதிர்ல நின்னவன் தட்டை வச்சுட்டான். நீ மூடியைத் திறக்கவே இல்லை. ஏன்?

ஜானில்: வேகலை.

பைமுரத்: நாடே பார்க்குது. பரிசுக் காரு உன் பக்கத்துலயே நிக்குது, சிவப்புக் காரு.

ஜானில்: அவங்க கொடுத்தது ஒரு மணி நேரம். கிழட்டு ஆட்டுக்கு அது தெரியுமா? பாதி வெந்ததைப் பெரியவங்க முன்னாடி எப்படி வைப்பேன்?

பைமுரத்: கேட்டீரா ஓய்? அன்னைக்கு நான் எழுந்தே நின்னுட்டேன். காரைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். இப்படியும் ஒருத்தி இருக்காளான்னு… மருமக சொன்னா நான் நின்னேன்னு. நான் கவனிக்கலை.

ஜானில்: அப்படின்னா இன்னைக்கு உங்க கையாலதான் நடக்கணும் தாத்தா. இந்தக் கடையில ஒரு வழக்கம். எல்லா மேசைக்கும் சேர்த்து ஒரே ஆட்டுத்தலை. இருக்கிறதுல மூத்தவர் ஆசி சொல்லி, அதோட கன்னத்துல ஒரு துண்டு வெட்டி வாயில போட்டப்புறம்தான் மத்தவங்க இறைச்சியில கை வைப்பாங்க. இன்னைக்கு மூத்தவர் நீங்க.

பைமுரத்: நான் இல்லை. அதோ, மூலையில வெள்ளைத் தாடி.

ஜானில்: அவருக்கு அறுபத்திமூணு. தாடி மட்டும்தான் முன்னாடி போயிடுச்சு.

பைமுரத்: என் பாஸ்போர்ட்ல தப்பா எழுதிட்டாங்க. எனக்கு அவ்வளவு வயசு இல்லை.

கெங்கெஸ்: நாப்பத்தொண்ணு, பாம்பு வருஷத்துல பிறந்தவர். எண்பத்தொண்ணு. போன மாசம் கேக் வெட்டினோம்.

ஜானில்: போன்ல கேட்டு உறுதி பண்ணினதே உங்க சம்பந்திதானே. எண்பத்தொண்ணுக்கு மேல யாராவது வராங்களான்னு. செவ்வாக்கிழமை எண்பத்தஞ்சு வயசுக்காரர் ஒருத்தர் வரார்னு சொன்னேன். உடனே வியாழனுக்கு மாத்திட்டார்.

பைமுரத்: டயர்…

கெங்கெஸ்: ஆமா, பொய்தான் சொன்னேன். வேற எப்படி வருவீங்க? விருந்துன்னு சொன்னா உங்களுக்குக் காய்ச்சல் வந்துடும்.

பைமுரத்: நான் கிளம்பறேன்.

கெங்கெஸ்: உக்காருங்க. இன்னைக்கு விட மாட்டேன். கல்யாணத்துல எங்க வீட்டு ஆட்டுத்தலையை உங்க முன்னாடி வச்சோம். குதிரைக்குத் தண்ணி காட்டணும்னு எழுந்து போனீங்க. மூத்த பேரன் பிறந்தப்ப பல்வலி. எங்க அண்ணன் வீடு கட்டினப்ப படி ஏறவே இல்லை. எங்க ஆளுங்க வச்ச தலை இவருக்குக் கேவலமான்னு என் பொண்டாட்டி இருபது வருஷமா கேக்கறா. என்ன பதில் சொல்வேன்? சரி, எங்க சமையல்தான் மட்டம்னு வச்சுக்குங்க. அதான் யாரும் குறை சொல்ல முடியாத கையைத் தேடிக் கூட்டிட்டு வந்தேன்.

ஜானில்: தலை வந்துடுச்சு. மூக்கு உங்க பக்கம் பார்த்து வச்சிருக்கேன். இந்தாங்க கத்தி.

பைமுரத்: யம்மா… இதை நீயா சுட்டே?

ஜானில்: நானேதான்.

பைமுரத்: காது மடலுக்குள்ள ஒரு முடி இல்லை. தோல் எங்கயும் வெடிக்கலை. தேன் நிறம். எத்தனை ஆயிரம் தலை பார்த்திருக்கேன்… இப்படி ஒண்ணு பார்த்ததில்லை. தொடவே பயமா இருக்கு.

கெங்கெஸ்: அப்போ வெட்டுங்க.

பைமுரத்: வெட்ட மாட்டேன். நீர் வெட்டும்.

கெங்கெஸ்: நீங்க உக்காந்திருக்கறப்ப நான் வெட்டினா, நாளைக்கு ஊர்ல தலை நிமிந்து நடக்கவா?

பைமுரத்: கை நடுங்குது எனக்கு.

கெங்கெஸ்: காலையிலதான் அந்தக் கையால குதிரைக்கு லாடம் அடிச்சீங்க.

ஜானில்: தாத்தா… முப்பது பேர் காத்திருக்காங்க. கொழுப்பு உறைய ஆரம்பிச்சாச்சு. நான் எதையாவது தப்பா செஞ்சிருந்தா முகத்துக்கு நேரா சொல்லிடுங்க. மூத்தவர் தலையைத் தள்ளி வச்சுட்டுப் போனா, சமைச்சவளுக்கு அதை விட அவமானம் இல்லை.

பைமுரத்: உன்னைச் சொல்லலை கண்ணு.

கெங்கெஸ்: அப்போ எங்களைத்தான் சொல்றீங்க.

பைமுரத்: உம்மையும் இல்லை.

கெங்கெஸ்: பின்ன என்ன? நம்ம ஜனத்துல தலையில கத்தி வைக்கக் கூடாதவன் ஒருத்தன்தான். அப்பன் உயிரோட இருக்கிறவன். அவன் வெட்டினா அப்பனைப் புதைச்ச கணக்கு. எண்பத்தொரு வயசுல உங்களை எது தடுக்குது? எங்களைப் பிடிக்கலைன்னாவது சொல்லிட்டுப் போங்க, என் பொண்டாட்டிக்கு ஒரு பதில் ஆச்சு.

ஜானில்: ஐயா, போதும். அவர் முகத்தைப் பாருங்க… தாத்தா? கத்தியை நான் வாங்கிக்கிறேன். சொல்லுங்க.

பைமுரத்: நான் பால்குடி மறக்கறதுக்கு முன்னாடி எங்கப்பா ஜெர்மன்காரனோட சண்டைக்குப் போனார். நாப்பத்திமூணுல ஒரு காகிதம் வந்துது, ஆளைக் காணவில்லைன்னு. எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, யாரையும் நம்பவும் மாட்டா. மூணு பேர்கிட்டக் கொடுத்துத் தனித்தனியாப் படிக்கச் சொன்னா. மூணு பேரும் அதையேதான் படிச்சாங்க… செத்துட்டார்னு அதுல எங்கயும் இல்லை.