பிள்ளைக்காம்பராவில் எலி

இரத்தோட்டையிலிருந்து மாத்தளை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு தோட்டத்துப் பெண்கள் இருந்தார்கள்.

"நம்ம பிள்ளைக்காம்பராவுல இனி எலி வளக்கப் போறாங்களாம்," என்றார் மூத்தவர். தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகையில் குழந்தைகளை விட்டுப்போகும் கூடம் அது.

"என்ன ஆயம்மா சொல்றீங்க?"

"மொளகு, சாதிக்காயில மருந்து கண்டுபுடிக்கிறவங்களுக்கு அரசாங்கம் அந்தக் கட்டடத்தக் குடுத்திருச்சு. மருந்த மொதல்ல எலிக்குத்தான் குடுத்துப் பாப்பாங்களாம். எலியப் பாத்துக்க ஆள் கேட்டிருக்காங்க. அதுக்குத்தான் அப்ளிகேசன் குடுக்கப் போறேன்."

"அனுபவம்னு என்ன எழுதினீங்க?"

"பிள்ள பாத்தேன்னுதான். ஒன்னையெல்லாம் அங்கதானே தொட்டில்ல போட்டு ஆட்டினேன்? கொழுந்து நிறுத்துட்டு ஒங்கம்மா மழையில ஓடி வர்ற வரைக்கும் என்னா கத்து கத்துவ!"

"தொட்டில் கட்டுன கொக்கி இருக்கா?"

"வரிசையா அப்பிடியே இருக்கு."

விண்ணப்பம் அவர் மடியில் விரிந்து கிடந்தது. ஜன்னல் காற்றில் பறந்துவிடுமோ என்று எனக்குத்தான் பதைப்பு.

இளையவர் சிரித்தார். "எலி அழுவாது ஆயம்மா. ஒங்கள எதுக்கு எடுக்கப் போறாங்க?"

மூத்தவர் மடியில் கிடந்த விண்ணப்பத்தை நீவிவிட்டார்.

"சத்தம் போடாத பிள்ளையத்தான் நான் மொதல்ல போய்ப் பாப்பேன்," என்றார்.

இளையவர் பைக்குள் துழாவி ஒரு பேனாவை எடுத்து நீட்டினார்.

"இத எழுதுங்க."